சீவலில் போன தாகம்

என் அண்ணியை அவள் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேராசிரியர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ‘ரிப்பன் அக்கா’தான். மருத்துவக் கல்லூரியின் பின்பக்கம், வெளிச்சம் வடக்கிலிருந்து மட்டும் வரும் ஒரு நீள அறை அவளுடையது. அங்கே இருபத்தொரு வருடமாக மனித உடம்பின் துண்டுகளை மெழுகில் பதித்து, ஏடு ஏடாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றித் தருகிறாள். டாக்டர்கள் அதைத்தான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து இன்ன நோய் என்று சொல்கிறார்கள். பெயர் வாங்குவது அவர்கள், சீவுவது இவள்.

ஆரம்பத்தில் எனக்கு அவளைப் பிடிக்காது. இதை இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது. எனக்கு இருக்கும் ஒரே அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டாள். பேசினாலும் யாரோ தூங்குகிற அறையில் பேசுவதுபோல மெதுவாகப் பேசுவாள். நான் தையல்காரி. நாலு மெஷின் ஓடுகிற கடையில் கத்திக் கத்திப் பேசியே வளர்ந்த தொண்டை எனக்கு. அவள் பேசுவதைக் கேட்டால் எனக்கு மூச்சு முட்டும். திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுச் சாவி வாங்குவதற்காக ஒருநாள் அவள் அறைக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. மெழுகுக் கட்டியின் முகத்தில் வாயை வைத்து, கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவோமே, அப்படி வெதுவெதுப்பாக ஒருமுறை ஊதினாள். பிறகு சீவும் மெஷினின் சக்கரத்தைச் சுற்றினாள். கத்தியின்மேல் ஒரு ஏடு இறங்கியது. அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. தலைமுடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெல்லிய ஏடுகள், ஒன்றோடொன்று கை கோத்து ரிப்பனாக வந்தன. அதைத் தூரிகை நுனியால் தூக்கி, பக்கத்தில் இருந்த வெந்நீர்த் தொட்டியில் படுக்க வைத்தாள். தொட்டியின் உள்பக்கம் கறுப்பு. கறுப்புத் தண்ணீரில் அந்த வெள்ளை ரிப்பன் சுருக்கம் நீங்கி, மெல்ல மெல்ல விரிந்து மிதந்தது.

“அண்ணி, சாவி” என்றேன், என் வழக்கமான குரலில்.

ரிப்பன் அப்படியே சுருண்டு தொட்டியின் மறுகரைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அண்ணி கோபப்படவில்லை. தூரிகையை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“டெய்லரம்மா, உங்க மூச்சு ஒரு ஆளோட ஈரலைக் கலைச்சிடுச்சு” என்றாள்.

அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடித்துப்போனது. இந்த அறையில் இத்தனை வருடம் மூச்சை அடக்கி வாழ்ந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? எனக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் அங்கே போய், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி விழிப்பு, பாதி தூக்கம் மாதிரி ஒன்று வரும். மணி போவதே தெரியாது.

அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மெழுகுக் கட்டியை எடுத்த எடுப்பில் யாரும் மெல்லிசாகச் சீவுவதில்லை. உள்ளே இருக்கும் துண்டின் முழு முகம் வெளியே வரும்வரை தடிமனாக வழித்துத் தள்ளவேண்டும். அப்படித் தள்ளுவது எல்லாம் சீவல். தூரிகையால் ஒரு தட்டு, நேராகக் குப்பைக் கூடை. நாள் முழுக்க அண்ணியின் முழங்கையில் அந்தச் சீவல் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அண்ணன்தான் ஊதிவிடுவான்.

அண்ணனுக்கு எடை மேடையில் வேலை. ஊருக்கு வெளியே, லாரிகள் ஏறி நின்று எடை போட்டுக்கொள்ளும் இரும்பு மேடை. அதன் பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை. காலி வண்டியை ஒருமுறை, சரக்கேற்றிய வண்டியை ஒருமுறை நிறுத்தி, இரண்டையும் கழித்துச் சீட்டு அச்சடித்துக் கொடுப்பான். போன மாதத்துக் காலிச் சீட்டைக் காட்டி, “அதே வண்டிதான் சார், இதையே போட்டுக்கங்க” என்று எந்த டிரைவராவது கெஞ்சினால் அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறும். “போன மாசத்து வண்டி போன மாசமே போயிடுச்சு, மேல ஏத்துய்யா” என்று அனுப்பிவிடுவான். அந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். மற்றபடி தங்கமான மனுஷன்.

நாற்பத்தாறு வயதில், ஒரு மத்தியான நேரத்தில், பின்னந்தலையில் இடி விழுந்த மாதிரி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே மேஜைமேல் சாய்ந்துவிட்டான். மூளையின் முன்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் குமிழாகப் புடைத்து வெடித்திருந்தது. மண்டையைத் திறந்து கிளிப் போட்டார்கள். பிழைப்பானா மாட்டானா என்று இருந்தவன் பதினோராம் நாள் கண் திறந்து, “லாரிக்கு யாரு சீட்டு போட்டா?” என்று கேட்டான். நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம்.

கை கால் அசைந்தது, பேச்சு வந்தது, எல்லாரையும் அடையாளம் தெரிந்தது. ஒன்று மட்டும் வரவில்லை, அதைக் கவனித்தது ஒரு நர்ஸ். “இந்த வார்டுல எல்லாரும் தண்ணி தண்ணின்னு உயிரை எடுக்கறாங்க. இவரு ஒரு தடவைகூடக் கேட்கலையே?” என்றாள். ரத்தத்தைச் சோதித்தால் உப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்தது. உதடு வெடித்து, நாக்கு அட்டையாக ஒட்டிக்கொண்டு கிடந்தவனிடம் டாக்டர் கேட்டார்.

“தாகமா இருக்கா?”

“இல்லையே. நல்லாத்தானே இருக்கேன்” என்றான் அண்ணன்.

எங்கள் இருவரையும் உட்காரவைத்து டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். மூளைக்கு நடுவில் தண்ணீர் நிற்கும் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றனவாம். மூளையில் எங்கே பார்த்தாலும் ரத்தக்குழாய்களுக்கு இறுக்கமான சுவர். ரத்தத்தில் இருப்பது லேசில் மூளைக்குள் போகமுடியாது. ஆனால் அந்தத் தண்ணீர் அறைகளின் ஓரத்தில் மட்டும், விரல்விட்டு எண்ணும் சில இடங்களில், அரிசி முனை அளவுக்குக் குழாய்க் கொத்துகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் சல்லடை மாதிரி.

“அங்கதான் மூளை ரத்தத்தை நாக்கு வெச்சுப் பார்க்குது. உப்பு கூடினா உடனே தாகம்னு சொல்லும். பின்பக்கம் ஒண்ணு இருக்கு, அது விஷத்தைக் கண்டா வாந்தி எடுக்க வைக்கும். இவருக்கு முன்சுவர்ல இருக்கறது போயிடுச்சு. அதுக்கு ரத்தம் கொண்டுபோற நூல் மாதிரிக் குழாயெல்லாம் வெடிச்ச இடத்துலதான் இருக்கு.”

“பின்னாடி இருக்கறது நல்லா இருக்கா டாக்டர்?” என்று அண்ணன் கட்டிலிலிருந்து கேட்டான். “என் தங்கச்சி சமைச்சுக் கொண்டுவருவா, எனக்கு அது கண்டிப்பா வேணும்.”

டாக்டர் சிரித்தார், நான் முறைத்தேன். அண்ணி மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

“அந்த இடம் எனக்குத் தெரியும்” என்றாள்.

“எந்த இடம்?”

“முன்சுவர். மூளைத் துண்டு வந்தா டாக்டருங்க கேட்கறது அதுக்குப் பின்னாடி இருக்கற பாகம். அந்த முகம் வர்றதுக்காக முன்னாடி இருக்கறதை வழிச்சுத் தள்ளிடுவேன். இருபத்தொரு வருஷமா அது சீவலாத்தான் போயிருக்கு. அது என்னன்னு ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.”

“உங்களால அவனுக்கு வரல அண்ணி” என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்ன விதிகள் சுலபமாகத்தான் இருந்தன. சிறுநீர் கட்டுக்குள் இருக்க மூக்கில் அடித்துக்கொள்ள ஒரு மருந்து. தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர், தாகத்தைப் பார்க்காமல் மணியைப் பார்த்து. காலையில் எழுந்ததும் எடை மெஷினில் ஏறி நிற்கவேண்டும். அறுபத்திரண்டு கிலோ இருந்தால் சரி. அரை கிலோ குறைந்தால் உடம்பில் அரை லிட்டர் தண்ணீர் குறைந்திருக்கிறது, அதையும் சேர்த்துக் குடிக்கவேண்டும். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. “இதைத் தவறவிட்டா உயிருக்கே ஆபத்து. அவருக்கே தெரியாம காஞ்சு போயிடுவார்” என்றார்.

அண்ணி அதைக் கண்ணும் கருத்துமாக ஏற்றுக்கொண்டாள். கண்ணாடித் தகடுகளுக்கு எண் போடும் அதே பேனாவால் தண்ணீர்ப் பாட்டிலில் எட்டுக் கோடு போட்டாள். போனில் எட்டு வேளைக்கு மணி வைத்தாள். மணி அடித்தால் அண்ணன் எங்கிருந்தாலும் ஒரு கோடு இறங்கவேண்டும். வேலைக்குத் திரும்பிய பிறகு எடை மேடையில் லாரி நிற்க நிற்க மணி அடிக்கும். டிரைவர்கள், “சார், உங்களுக்குத் தண்ணி காட்டற நேரம்” என்று கிண்டல் செய்வார்கள்.

“நான் என்ன தொட்டிச் செடியா?” என்று ஒருநாள் கத்தினான். “எனக்கு வேணும்னு தோணவே இல்ல. வெறும் தண்ணி, தொண்டையில கட்டை மாதிரி இறங்குது. அது என்னன்னு உங்களுக்கெல்லாம் புரியாது.”

அவன் சொன்னது உண்மைதான். பசியில்லாதபோது சாப்பிடுகிற சங்கடம் நமக்குத் தெரியும். ஆனால் இனி வாழ்நாளில் ஒரு வாய்த் தண்ணீர்கூட ருசியாக இருக்காது என்பதை என்னால் இன்றுவரை முழுதாக நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் காணாமல் போனது. ஒருமுறை வெயிலில் நடந்துவந்து, “ஸ்ஸ்… தாகம் உயிர் போகுது” என்று சொல்லிவிட்டேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளும் அண்ணன் எதிரில் தண்ணீர் குடிக்கமாட்டாள். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டினி கிடப்பவன் வீட்டில் ஒளித்துத் தின்பதுபோல அவசரமாக விழுங்குவாள். பல நாள் அதுவும் இல்லை. அவள் அறையில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது சட்டம். காலையில் ஒரு டம்ளரோடு போனால் சாயங்காலம் வரை அவ்வளவுதான்.

“கனவுல குடிக்கறேன்” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். “அந்தக் கறுப்புத் தொட்டியிலேயே வாயை வெச்சுக் குடிக்கறேன். குடிக்கக் குடிக்கத் தீர்றதில்ல. இது என் தாகமா, அவரோடதான்னு தெரியல.”

என் பங்கையும் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அண்ணன் எலும்பும் தோலுமாக இருந்தான். எனக்கு மனசு தாங்கவில்லை. முட்டை, கோழி, வெண்ணெய் அப்பிய ரொட்டி என்று தினமும் கடையைப் பூட்டிவிட்டுக் கொண்டுபோய்க் கொட்டினேன். தாகம்தான் போயிருந்தது, பசி பத்திரமாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டான். மூன்றாம் மாதம் அவன் பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. தையலைப் பிரித்து ஒன்றரை அங்குலம் விட்டுக் கொடுத்தபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. “பாருங்க அண்ணி, உடம்பு தேறிட்டான்!” என்றேன். எடை மெஷினிலும் தினமும் அறுபத்திரண்டு. அண்ணி நோட்டில் ஒரே எண்ணை வரிசையாக எழுதி வந்தாள். இதைவிட நிம்மதியான பக்கம் உலகத்தில் கிடையாது.

வெயில் காலம் வந்தது. அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறினான். சண்டை போடவில்லை, கிண்டல் செய்யவில்லை. நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்ப்பான். திடீரென்று ஏதாவது சொல்வான்.

“லாரிங்க எல்லாம் சத்தமே இல்லாம வருது. மிதந்து வருது.”

இன்னொரு நாள் என் கையைப் பிடித்து, “குட்டி, நாம எல்லாரும் ஒரு பெரிய அறையில இருக்கோம். கதவு திறந்துதான் இருக்கு. ஆனா எழுந்து போகணும்னு யாருக்கும் தோணல. எவ்வளவு நல்லா இருக்கு, இல்ல?” என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவைப் பார்த்துவிட்டு வந்தவன், பக்குவப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன். கடையில் எல்லாரிடமும் அவன் சொன்னதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அண்ணிகூட அவன் பேசும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பாள். உண்மையில் அந்த நாட்கள் அழகாக இருந்தன. வீடே அவள் தொட்டிபோல அசையாமல், வெதுவெதுப்பாக இருந்தது. முதல் இரண்டு மாதம் சரியாகவே இருந்த ரத்தப் பரிசோதனையை, அதன்பிறகு மாதாமாதம் “நாளைக்குப் போகலாம்” என்று அண்ணன் தள்ளிப்போட்டான். தினமும் அறுபத்திரண்டு காட்டுகிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அதே பேன்ட் இரண்டாம் முறையாக என் மேஜைக்கு வந்தது. பிரிப்பதற்கு முன்னால் அளவு நோட்டைப் புரட்டினேன். முப்பத்திரண்டு. அதன் கீழே முப்பத்துமூன்றரை. இப்போது முப்பத்தைந்து. எழுதிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். கை அப்படியே நின்றது.

இடுப்பு மூன்று அங்குலம் ஏறியிருக்கிறது. எடை மெஷினில் எண் ஏறவில்லை.

நான் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு பையில் புதிதாகத் துணியைத் திணித்தும் பை கனக்கவில்லை என்றால், உள்ளே இருந்த வேறு எதையோ யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். சதை போட்டிருக்கிறது. அந்த அளவுக்குத் தண்ணீர் போயிருக்கிறது. நான் ஊட்டி ஊட்டி ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் அவன் உலர்ந்துபோனதை மெஷினிடமிருந்து மறைத்துவிட்டது.

எடை மேடைக்குப் போன் செய்தேன். குமாஸ்தா எடுத்தார். “நல்ல வேளை கூப்பிட்டீங்க. ரெண்டு லாரி நிக்குது. அவரு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காரு, பட்டனை அமுக்க மாட்டேங்கறாரு. கேட்டா சிரிக்கறாரு” என்றார்.

அங்கிருந்து அவனை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டு, நான் கல்லூரிக்கு ஓடினேன். அண்ணி தொட்டியில் ஒரு ரிப்பனை அப்போதுதான் இறக்கியிருந்தாள். கண்ணாடித் தகடு கையில் இருந்தது.

“அண்ணி” என்றேன். இந்த முறை நான் கத்தவில்லை. என் குரலே எழும்பவில்லை. “அவன் பேன்ட்டை ரெண்டு தடவை பிரிச்சிருக்கேன். அறுபத்திரண்டு எப்படி அப்படியே இருக்கும்?”

ஒரு நொடிதான். அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. தகட்டை வைத்தாள், கையுறையைக் கழற்றினாள், ஓடினாள். மிதக்கும் ரிப்பனைப் பாதியில் விட்டுவிட்டு அவள் போய் நான் பார்த்ததேயில்லை. அது யாருடைய உடம்போ, தண்ணீரில் தனியாக விரிந்துகொண்டிருந்தது.

நூற்று நாற்பது இருக்கவேண்டிய உப்பு நூற்று அறுபத்தெட்டு இருந்தது. அண்ணன் கட்டிலில் புன்னகையோடு கிடந்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பான், மறுபடி மூடிக்கொள்வான். அவன் பேசியதெல்லாம் பக்குவம் இல்லை, வறட்சி. நான் கடையில் ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது என் அண்ணனுடைய மூளை வாடிக்கொண்டிருந்த சத்தத்தை. இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

“இப்பவே நிறையத் தண்ணி ஏத்துங்க டாக்டர்!” என்றேன்.

“கூடாதும்மா. வேகமா ஏத்தினா மூளை வீங்கிடும். உப்பை மெதுவாத்தான் இறக்கணும்.”

மூன்று நாள். சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சுகூட அளந்துதான் விட்டாள். தொட்டிமேல் குனிந்திருக்கும்போது எப்படி இருப்பாளோ அப்படி. நான் கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தாள். நூற்று அறுபது. நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று நாற்பத்தைந்து.

நான்காம் நாள் காலை அண்ணன் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அறுபத்திரண்டு, பேன்ட், உப்பு எல்லாவற்றையும் அண்ணி தணிந்த குரலில் சொல்லி முடித்தாள்.

“அட, என்னடா இது” என்றான். “பழைய காலிச் சீட்டை வெச்சே எட்டு மாசம் வண்டி ஓட்டியிருக்கோம்.”

எங்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

“எத்தனை டிரைவரைத் திட்டியிருப்பேன்! வண்டிக்குப் புதுத் தொட்டி கட்டியிருப்பான், சேறு ஏறியிருக்கும், காலி எடை மாறியிருக்கும், திரும்பப் போடுன்னு. என் காலி எடையைத் திரும்பப் போடணும்னு எனக்கே தோணல பாரு.”

அவன் சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. மைக்ரான் கணக்கில் சீவுகிறவள் ஒருத்தி, டன் கணக்கில் எடை போடுகிறவன் ஒருத்தன், அங்குலக் கணக்கில் வெட்டுகிறவள் ஒருத்தி. மூன்று பேர் அளந்துகொண்டே ஒரு மனுஷனைச் சாகவிடப் பார்த்தோம். தண்ணீர் நிறைந்த உடம்போடு அவனை நிறுத்திப் பார்த்தபோது அறுபத்தேழரை. அதுதான் புதிய எண். இனி அந்த எண்ணும் பழசாகும் என்பதால் வாரம் ஒருமுறை ரத்தம், மாதம் ஒருமுறை என் டேப். டாக்டரே என் டேப்பை விதியில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெருமை மட்டும் எனக்கு மிச்சம்.

அண்ணி தேறவில்லை. அண்ணன் மறுபடி கிண்டல் பேச ஆரம்பித்தும் அவள் சிரிக்கவில்லை. இன்னும் மெலிந்தாள், உதடு தோலுரிந்து கிடந்தது. பேராசிரியரிடம் ஏதோ அனுமதி கேட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் தன் அறைக்கு வரச்சொன்னாள்.

“உடம்பைத் தானமா எழுதி வெச்சவரு ஒருத்தர். பேரு தெரியாது, நம்பர்தான்” என்றாள். “இந்த முறை வழிச்சுத் தள்ளல. முதல் ஏட்டுல இருந்து ஒண்ணுவிடாம எடுத்தேன். நானூறு ஏடு. அதுல முப்பத்தொரு ஏட்டுலதான் இது இருக்கு.”

மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் போட்டுவிட்டு விலகி நின்றாள். அண்ணன் குனிந்து கண்ணை வைத்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் நகர்ந்த பிறகு நானும் பார்த்தேன். ஒரு வெற்றிடத்தின் கரை, அதுதான் தண்ணீர் நிற்கும் அறையாம். அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சிறு மேடு. அதற்குள் குழாய்கள், குழாய்கள், சின்னச் சின்ன வளையங்கள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. சுற்றியிருந்த இடமெல்லாம் அமைதியாகக் கிடக்க, அது மட்டும் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. நம் ஒவ்வொருவருக்குள்ளும் இது இந்த நிமிஷம் ரத்தத்தைச் சுவைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குத் தலை லேசாகச் சுற்றியது.

“இதுதான் எங்கிட்ட இல்லையா?” என்று அண்ணன் கேட்டான்.

“ம்.”

“இவ்வளவூண்டா?”

“அவ்வளவுதான். இதைத்தான் நான்…” அண்ணியால் முடிக்க முடியவில்லை.

அண்ணன் அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மெழுகுச் சீவலைப் பார்த்தான். வழக்கம்போல ஊதிவிட்டான். பிறகு அந்தத் தகட்டைக் காட்டி, “இவருக்குக் கடைசியா தாகம் எடுத்திருக்குமா?” என்றான்.

“எடுத்திருக்கும்.”

“யாராவது தண்ணி குடுத்திருப்பாங்களா?”

அண்ணிக்குத் தெரியவில்லை. யாருக்குத் தெரியும்? அண்ணன் அவள் முகத்தை, அந்த வெடித்த உதட்டை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“நீ எப்ப குடிச்சே?”

“காலையில…”

“எனக்குத் தெரியாம ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எங்கிட்டதான் அது இல்ல. உங்கிட்ட இருக்கு. நல்லா இருக்கறதையும் நீயே ஏன் வழிச்சுப் போடறே? வீட்டுல ஒருத்தருக்காவது அது வேலை செய்யணும். உனக்கு எடுக்கறப்ப வாய்விட்டுச் சொல்லு. நானும் உன்கூடக் குடிக்கறேன். மணி அடிச்சுக் குடிக்கறது கட்டையா இறங்குது. நீ சொல்லிக் குடிச்சா எப்படி இருக்குன்னு பார்க்கலாம்.”

அறைக்குள் குடிக்கக்கூடாது. மூவரும் வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி முழங்காலில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவசரப்பட்டால் கலைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“எனக்குத் தாகமா இருக்கு” என்றாள். எட்டு மாதத்துக்கும் மேலாக அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்லாத சொல். சொன்ன பிறகு அழுதாள், சத்தம் போட்டு. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அண்ணன் எழுந்துபோய் வராந்தாக் கோடியிலிருந்த குழாயில் இரண்டு டம்ளர் பிடித்து வந்தான். போனில் மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவள் குடித்தாள். அவன் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டே, அவள் விழுங்கும்போது விழுங்கி, நிறுத்தும்போது நிறுத்தி, கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

“எப்படி இருக்கு?” என்று அண்ணி கேட்டாள்.

“தண்ணி மாதிரி இருக்கு” என்றான் அண்ணன். “இன்னும் வேணுமா உனக்கு?”

“வேணும்” என்றாள்.

அவன் இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு மறுபடி குழாயடிக்குப் போனான்.